ஸ்டோமா பை ஒரு நாள்கூட நிற்கவில்லை, நர்ஸைத் தனியாகப் பார்க்க வேண்டுமா?

நாகலூர்க்காரன்:
அப்பாவுக்கு 64 வயது, ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வேலை. குடல் புற்றுநோய்க்குச் சேலத்தில் ஆபரேஷன் முடிந்து 5 வாரம் ஆகிறது. இடுப்புக்கு மேலே இடது பக்கம் ஸ்டோமா, அதாவது வயிற்றில் ஓட்டை போட்டு, குடலை வெளியே கொண்டுவந்து மலம் பையில் விழும்படி, வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் தாங்கவேண்டிய பை மறுநாளே ஓரத்தில் கசிகிறது. சுற்றிலும் தோல் வெந்து கிடக்கிறது. நேற்று செக்கப்புக்குக் கீழே இறங்கும்போது, இருபது வளைவு முடிவதற்குள் பஸ்ஸிலேயே கசிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து பின்னால் போய்விட்டார். அப்பா வீடு வரும்வரை பேசவில்லை. காயம் நன்றாக ஆறுகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதற்கென்றே ஸ்டோமா நர்ஸ் இருக்கிறார் என்கிறார்கள். டாக்டர் பார்த்த பிறகு அவர் என்ன புதிதாகச் செய்வார்?

அஸ்தம்பட்டி அக்கா:
தம்பி, அவசியம் போங்கள். என் வீட்டுக்காரருக்கும் இதேதான். ஆபரேஷன் செய்த இடத்தில் பையை மாட்டி அனுப்பினார்களே தவிர யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. இரண்டு மாதம் தவித்தோம். வேறொரு ஆஸ்பத்திரியில் ஸ்டோமா சிஸ்டர் இருப்பது தெரிந்து போனோம். வந்ததும் அளவு அட்டையை வைத்துப் பார்த்தார். ஸ்டோமா 28 மில்லிமீட்டர், நான் பையில் வெட்டியிருந்த ஓட்டை 40! முதல் நாள் அளவிலேயே வெட்டிக்கொண்டிருந்தேன். முதல் 6 முதல் 8 வாரம் அது சுருங்கிக்கொண்டே வரும், வாரம் ஒருமுறை அளக்கணும், இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் கூட விடணும் என்றார். இடைவெளியில் மலம் பட்டுத்தான் தோல் வெந்திருக்கிறது. நான் தேங்காய் எண்ணெய் தடவியதால் பை இன்னும் ஒட்டாமல் போயிருக்கிறது.

அப்புறம் அவரை உட்காரச் சொன்னார். அதுவரை எல்லாரும் படுக்க வைத்துத்தான் பார்த்திருந்தார்கள். உட்கார்ந்ததும் தொப்புள் பக்கம் ஒரு மடிப்பு விழுந்தது. கசிவு அந்த வழியில்தான். மடிப்பில் பேஸ்ட் வைத்து நிரப்பினார். அடுத்த பை நாலு நாள் நின்றது. முக்கால் மணி நேரம் எங்களோடு இருந்தார் தம்பி. கடைசிப் பையை என் வீட்டுக்காரர் கையாலேயே மாட்ட வைத்தார். அதுவரை அவர் அந்தப் பக்கம் குனிந்துகூடப் பார்த்ததில்லை.

வார்டு சிஸ்டர்:
அக்கா சொன்னது சரி. ஆபரேஷனுக்கு முன்பே எங்களைக் கூப்பிட்டால் இன்னும் நல்லது. நிற்க, உட்கார, குனிய வைத்து, வேட்டி கட்டும் இடம் தவிர்த்து, ஸ்டோமா வரவேண்டிய இடத்தில் புள்ளி வைப்போம். உலகின் முதல் ஸ்டோமா தெரபிஸ்ட் என்று சொல்லப்படும் நார்மா கில் தானே ஸ்டோமாவோடு வாழ்ந்தவர். அவருக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் டர்ன்புல்தான் 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் அவரை இந்த வேலைக்கு அழைத்தார். கத்தி முடிந்த பிறகு நோயாளிக்கு வேறு ஆள் தேவை என்று அந்த டாக்டருக்கே தெரிந்திருக்கிறது.

போகும்வரை: வெறும் தண்ணீரில் கழுவி நன்றாகத் துடையுங்கள், டெட்டால் வேண்டாம். மலைக் குளிரில் பசை இறுகும், ஒட்டும் பகுதியைக் கொஞ்ச நேரம் அக்குளில் வைத்துச் சூடாக்குங்கள். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். ஸ்டோமா உதட்டின் உட்பக்கம் போலச் சிவப்பாக, ஈரமாக இருக்கணும். கறுத்துப்போனால் உடனே ஆஸ்பத்திரி.

நாகலூர்க்காரன்:
அளந்தேன். ஸ்டோமா 30, என் ஓட்டை 42. வியாழக்கிழமை சிஸ்டரிடம் கூட்டிப் போகிறேன். பஸ் வேண்டாம் என்கிறார் அப்பா, தோட்டத்து ஜீப்பைக் கேட்டிருக்கிறேன்.