4 சென்ட் பங்கு 1 டாலர் ஆகுமாம்: ஸ்டாப் லாஸ் போட்டு வாங்கலாமா?

கற்றுக்குட்டி:
அமெரிக்க ஓ.டி.சி. சந்தையில் (பெரிய பங்குச்சந்தைகளுக்கு வெளியே, தரகர்கள் மூலம் நடப்பது) 4 சென்டுக்குக் கிடைக்கும் ஒரு சுரங்க நிறுவனப் பங்கைப் பற்றி டெலிகிராம் குழுக்களில் ஒரே பேச்சு. லித்தியம் ஒப்பந்தம் வருகிறதாம், 1 டாலரைத் தொடுமாம். மூன்றே வாரத்தில் விலை இரட்டிப்பாகிவிட்டது. 1,000 டாலருக்கு வாங்கி 15% கீழே ஸ்டாப் லாஸ் (விலை அவ்வளவு விழுந்தால் தானாக விற்கும் ஆர்டர்) போட்டால், போனாலும் 150 டாலர்தானே?

ஆர்டர்புக்:
இல்லை. நீங்கள் பார்ப்பது கடைசியாகக் கைமாறிய விலை. விற்பவர் கேட்கும் விலை 4 சென்ட், வாங்க நிற்பவர் தருவது 3.4 சென்ட் என்று வையுங்கள். 25,000 பங்கை 1,000 டாலருக்கு வாங்கி அடுத்த நிமிடமே விற்றால் கைக்கு வருவது 850. அதாவது உங்கள் 15% வாங்கும்போதே போயாச்சு.

அந்த 3.4 சென்டிலும் 5,000 பங்குக்குத்தான் ஆள் இருப்பார், அடுத்தவர் 2.8-இல் நிற்பார். ஸ்டாப் லாஸ் தூண்டப்பட்டதும் சந்தை விலை ஆர்டராக மாறி, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடும். இந்த விலைக்குக் கீழே விற்காதே என்று லிமிட் வைத்தால் விற்காமலே கிடக்கும்.

இன்னொன்று: சந்தேகம் வந்தால் எஸ்.இ.சி. (அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம்) 10 வேலை நாள் வரை வர்த்தகத்தையே நிறுத்தலாம். தடை முடிந்த மறுநாளே ஓ.டி.சி. பங்கு பழையபடி ஓடாது. தரகர் நிறுவனம் ஆவணம் தாக்கல் செய்து ஒப்புதல் வாங்கிய பிறகே விலை காட்ட முடியும். அந்த வேலையை இழுத்துப்போட்டுச் செய்ய யாரும் வராமலே போகலாம்.

அடிக்குறிப்பு:
விலையை விடுங்கள், பங்கு எண்ணிக்கையைப் பாருங்கள். எஸ்.இ.சி.யின் எட்கர் தளத்தில் நிறுவனத்தின் 10-கியூ காலாண்டு அறிக்கையைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே இருக்கும். 250 கோடி பங்கு என்றால், 4 சென்டிலேயே சந்தை மதிப்பு 10 கோடி டாலர். 1 டாலர் ஆக வேண்டுமானால் 250 கோடி டாலர். வருமானமே இல்லாத சுரங்கத்துக்கு!

அடுத்து, கடன் பற்றிய குறிப்புகளில் ‘மாற்றத்தக்க கடன் பத்திரம்’ இருக்கிறதா பாருங்கள். ஆபத்தின் வேர் பெரும்பாலும் அங்கேதான். கடன் கொடுத்தவர், கடந்த 20 நாளின் குறைந்த விலையிலிருந்து 40% தள்ளுபடியில் பங்காக மாற்றிக்கொள்ளலாம் என்பது போல நிபந்தனை இருக்கும். குறைந்த விலை 4 சென்ட் என்றால் 1,00,000 டாலர் கடனுக்குச் சுமார் 42 லட்சம் பங்கு. 1 சென்டுக்கு விழுந்தால் சுமார் 1.67 கோடி. எந்த விலையிலும் அவருக்கு லாபம்; அவர் விற்க விற்க விலை விழும், விழ விழ இன்னும் அதிகப் பங்கு அச்சாகும். உங்கள் பங்கு நீர்த்துக்கொண்டே போகும்.

முறையாக அறிக்கை தரும் நிறுவனம் என்றால், எஸ்.இ.சி.யின் விதி 144-இன்படி இத்தகைய பங்குகளை வழக்கமாக 6 மாதம் கழித்து விற்கலாம். பத்திரத் தேதியோடு 6 மாதம் கூட்டி, டெலிகிராம் ஆரவாரம் தொடங்கிய தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒட்டி வந்தால், யார் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று புரிந்துவிடும்.

பொடியெழுத்து:
காசு வாங்கிக்கொண்டு பங்கைப் புகழ்பவர் அதை யார் கொடுத்தார், எவ்வளவு என்று சொல்லியாக வேண்டும். 1933-ஆம் ஆண்டுப் பத்திரச் சட்டம், பிரிவு 17(b). ஒழுங்கான விளம்பர மின்னஞ்சலில் அது அடியில் பொடி எழுத்தில் இருக்கும்: ‘கூலியாகப் பங்குகள் பெற்றுள்ளோம், எப்போது வேண்டுமானாலும் விற்போம்’. டெலிகிராமில் அதுகூட இருக்காது. ஓ.டி.சி. மார்க்கெட்ஸ் தளத்தில் அந்தப் பங்கின் பெயருக்குப் பக்கத்தில் மண்டையோட்டுக் குறி இருந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

அலைச்சறுக்கு:
எல்லாம் சரி சார். ஏறும்போது கூடவே ஏறி, பாதியில் இறங்கினால் என்ன?

ஆர்டர்புக்:
இறங்குவதற்கு எதிரே வாங்குபவர் வேண்டுமே. வர்த்தக அளவு பல மடங்கு பெருகியும் விலை அதே இடத்தில் நின்றால், வருகிற வாங்கலையெல்லாம் மேலே உட்கார்ந்து ஒருவர் விற்றுத் தீர்க்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கையிருப்பு தீர்ந்ததும் விளம்பரம் நிற்கும், வாங்க ஆளும் இருக்காது.

கற்றுக்குட்டி:
எட்கரில் பார்த்தேன். கடைசி 10-கியூ வந்து 11 மாதம் ஆகிறது.

அடிக்குறிப்பு:
அப்படியானால் பங்கு எண்ணிக்கையே பழசு. 2021 செப்டம்பர் 28 முதல், நடப்புத் தகவல் வெளியிடாத நிறுவனத்துக்குத் தரகர்கள் பொதுவில் விலை காட்டக் கூடாது. அப்படிப் பொதுவில் விலை காட்டக் கூடாத பங்குகளில் ஒன்றாகிவிட்டால், சாதாரணக் கணக்கில் பல தரகர்கள் விற்க மட்டுமே விடுவார்கள்.