பினியல் சுரப்பிக்கும் மெலடோனினுக்கும் சொல்: தூக்கத்தை விடுவோம், இருளைப் பிடிப்போம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மூளையில் உள்ள பினியல் சுரப்பிக்கும், அது இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனுக்கும் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். அதற்கு மூன்று நாளாக வந்த மடல்களை எல்லாம் இன்று காலைதான் ஒரே மூச்சில் படித்தேன். இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன், அதில் இந்தச் சுரப்பி பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, அதனால் அச்சுக்குப் போவதற்குள் எனக்கு ஒரு நல்ல சொல் கிடைத்தாக வேண்டும்.

முதலில் ஐயா முன்வைத்த 'துயிற்சுரப்பி', அதை ஒட்டி மெலடோனினுக்குத் 'துயில்நீர்'. காதுக்கு இனிமையாக இருக்கிறது, ஆனால் பொருள் பிசகுகிறது. எலிக்கும் இந்தச் சுரப்பி உண்டு, அதற்கும் மெலடோனின் இரவில்தான் ஏறுகிறது, ஆனால் எலி இரவில்தான் ஓடியாடி இரை தேடுகிறது. தூங்கவைப்பதுதான் இதன் வேலை என்றால் எலிக்குப் பகலில் அல்லவா சுரக்க வேண்டும்? மெலடோனின் உடம்புக்குச் சொல்லும் சேதி ஒன்றுதான்: வெளியே இருட்டிவிட்டது. அதைக் கேட்டு மனிதன் படுக்கிறான், எலி எழுகிறது, செம்மறி ஆடு இரவின் நீளத்தை வைத்து இனப்பெருக்கப் பருவம் வந்துவிட்டதா என்று அறிகிறது. ஒரே இருட்டில் தாமரை குவிகிறது, அல்லி விரிகிறது, அதைப் போல.

இதை வெறும் சொல் நுணுக்கமாக நான் பார்க்கவில்லை. என் முதல் வரைவில் நானும் 'தூக்க ஹார்மோன்' என்றுதான் எழுதியிருந்தேன். படித்துப் பார்க்கச் சொல்லி ஒரு செவிலியர் தங்கையிடம் கொடுத்தேன், பென்சிலால் ஓரத்தில் ஒரு வரி எழுதித் திருப்பித் தந்தார்: "அப்போ டூட்டி முடிஞ்சு காலையில் இந்த மாத்திரையைப் போட்டுக்கிட்டா தூங்கிடலாமா?" அவர் கேட்டதில் தவறே இல்லை, நான் வைத்த பெயர் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது. அவருக்குத் தெரிய வேண்டியது வேறு: நள்ளிரவில் வார்டில் எரியும் வெள்ளை விளக்கு, அதிலும் நீலம் தூக்கலாக இருக்கும் வெளிச்சம், இந்தச் சுரப்பைக் குறைத்துவிடும், காலையில் வீடு திரும்பும்போது முகத்தில் அடிக்கும் வெயில் 'விடிந்துவிட்டது' என்று உடம்பை உசுப்பிவிடும். பெயரில் இருள் இருந்தால் இது தானாகவே விளங்கும், தூக்கம் இருந்தால் விளங்காது.

அடுத்து அக்கா சொன்ன 'நெற்றிக்கண் சுரப்பி'. நியூசிலாந்தில் வாழும், பல்லி போன்ற ஊர்வனவான துவாட்டராவுக்கும் சில பல்லி இனங்களுக்கும் உச்சந்தலையில் வில்லையும் விழித்திரையும் கொண்ட மூன்றாவது கண் இருப்பது உண்மை, பினியல் அதற்குக் கூடப்பிறந்தது என்பதும் உண்மை. பறவைகளில் பினியலே வெளிச்சத்தை நேராக உணரும். ஆனால் நம் பினியலுக்குப் பார்வை கிடையாது. மூளையின் நட்டநடுவில், 5 முதல் 8 மில்லிமீட்டர் நீளத்தில் உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சம் பற்றிய சேதி முதலில் விழித்திரையிலிருந்து, மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில் உள்ள உயிர்க்கடிகாரத்துக்குப் போகிறது, அங்கிருந்து தண்டுவடத்துக்கு இறங்கிக் கழுத்தில் உள்ள நரம்பு முடிச்சு வழியாகத் திரும்ப மேலேறி வந்துதான் இதைத் தொடுகிறது. அடுத்த அறையில் இருப்பவருக்குத் தெருவைச் சுற்றிப் போய்ச் சேதி சொல்வதுபோல. இப்படி ஊர் சொல்லிக் கேட்டுக்கொள்ளும் ஒன்றைக் கண் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆன்மா இங்கேதான் குடியிருக்கிறது என்று பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட் எழுதியதிலிருந்து ஏற்கெனவே போதுமான சுமையை இது தூக்கிக்கொண்டிருக்கிறது.

சரி, மூலச் சொல்லையே பெயர்க்கலாமே என்ற கருத்துக்கு வருகிறேன். பெயர்க்கலாம், ஆனால் மூலம் சரியா என்று பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும். மூளைக்கு அடியில் உள்ள இன்னொரு சுரப்பியான பிட்யூட்டரிக்கு நம்மிடம் 'கபச்சுரப்பி' உண்டு. மூளையின் கழிவு சளியாக மூக்குக்கு இறங்கும் வழி அது என்று பழைய கிரேக்க மருத்துவம் நம்பியது, லத்தீனில் சளிக்கு உள்ள சொல்லே பெயரானது. அது தவறு என்று 17ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது, நாமோ அந்தத் தவறையும் சேர்த்துத் தமிழாக்கி வைத்திருக்கிறோம். மெலடோனினிலும் அந்த ஆபத்து இருக்கிறது. 1958இல் அதைப் பிரித்தெடுத்த ஆரன் லெர்னர் யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர், அவர் தேடியது வெண்புள்ளி போன்ற தோல் நோய்களுக்கான விடையை. மாட்டு மூளைகளிலிருந்து ஆயிரக்கணக்கான பினியல் சுரப்பிகளைத் திரட்டி அவர் எடுத்த பொருள் தவளைத் தோலை வெளுக்கச் செய்தது. தோல் செல்லுக்குள் பரவியிருந்த கரும் துகள்கள் நடுவில் ஒடுங்கின, அவ்வளவுதான். தோலின் கருநிறமியான மெலனினில் இருந்து 'மெலா', மெலடோனினின் தாய்ப்பொருளான செரோடோனினில் இருந்து 'டோனின்'. இரவோ தூக்கமோ அந்தப் பெயரில் கிடையாது, பெயர்த்தால் தவளைத் தோல்தான் வரும்.

பினியல் கதை அவ்வளவு மோசமில்லை. பைன் மரத்துக் காயின் வடிவம், பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து வரும் ஒப்புமை. கொடைக்கானலில் பைன் காட்டில் பொறுக்கிய ஒரு காய் என் மேசையில் கிடக்கிறது: அடி பருத்து, நுனி சிறுத்து, செதில் செதிலாக. புழக்கத்தில் உள்ள 'கூம்புச் சுரப்பி' அந்த வடிவத்தைச் சொல்கிறது. ஒரே சிக்கல், விழித்திரையில் நிறம் காணும் செல்களுக்கும் 'கூம்புச் செல்' என்றுதான் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். கண், வெளிச்சம், கூம்பு, எல்லாம் ஒரே பாடத்தில் வந்தால் பிள்ளைகள் குழம்பத்தான் செய்வார்கள்.

ஆனால் தமிழில் கூம்பு வடிவம் மட்டும் இல்லையே! கூம்புதல் என்றால் குவிதல், பூ இதழ் மூடுதல். 'மலர்தலும் கூம்பலும்' என்று 425ஆம் குறளிலேயே இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் தாமரை செய்வது அதுதான். ஆகவே ஒரே ஒரு அசையை மாற்றி 'கூம்பற்சுரப்பி' என்று வைத்தால் பழைய சொல்லை அறிந்தவருக்கும் அந்நியமாக இராது, கூம்புச் செல்லோடும் மோதாது, பொழுதோடு உள்ள உறவும் உள்ளே வந்துவிடும். அல்லியையும் எலியையும் காட்டி யாராவது மறுக்கலாம், நியாயம்தான். உறுப்பின் பெயருக்கு வடிவமே போதும், பொழுது அதில் கூடுதலாகக் கிடைக்கிறது என்பது என் பதில்.

மெலடோனினுக்குத்தான் நிறையத் தடுமாறினேன். 'இருளி' சின்னதாக, அழகாக இருந்தது. ஆனால் இருளர் சமூகப் பெண்களைக் குறிப்பதாகவும் படும் என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார், அந்தக் கணமே விட்டுவிட்டேன். வாழும் மனிதர்களின் பெயரை ஒரு மருந்துச் சீட்டில் எழுத வேண்டாம். 'இருள்நீர்' என்றால் மாத்திரையாக வரும்போது நீர் என்பது ஒட்டவில்லை. கடைசியில் 'இருளுணர்த்தி' என்ற சொல்லில் நிற்கிறேன். கொஞ்சம் நீளம், ஆனால் செய்யும் வேலையைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறது, எலிக்கும் பொருந்துகிறது. வேதிப்பெயர் வேண்டிய இடத்தில், அதாவது டிரிப்டோபான், செரோடோனின், மெலடோனின் என்று ஒன்றிலிருந்து ஒன்று உருவாகும் வரிசையைச் சொல்லும்போது, மெலடோனின் என்றே எழுதுவேன், அந்த 'டோனின்' வால் தாய்ப்பொருளைக் காட்டிக்கொடுக்கிறது.

கையேட்டில் இப்போது வாக்கியம் இப்படி இருக்கிறது: "இருட்டியதும் கூம்பற்சுரப்பி இருளுணர்த்தியைச் சுரக்கத் தொடங்கும், பின்னிரவில் அது உச்சத்தைத் தொடும். இரவு வார்டில் பிரகாசமான விளக்கின் கீழ் நிற்கும்போது இந்தச் சுரப்பு குறையும்." அந்தத் தங்கையிடம் மறுபடியும் காட்டினேன். இந்த முறை ஓரத்தில் அவர் எழுதியது வேறு கேள்வி: "அப்போ காலையில் வீட்டுக்குப் போகும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கலாமா?"

வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.