பிரெக்ட்டின் ‘ஃபெர்ஃப்ரெம்டுங்’: தமிழில் எப்படிச் சொல்வது?

க.:
நண்பர்களே, நாடக வகுப்புக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் ‘ஃபெர்ஃப்ரெம்டுங்’ என்ற ஒரு சொல்லில் வண்டி நிற்கிறது. ‘அந்நியமாதல்’ என்று எழுதியிருந்தேன். “மார்க்ஸ் சொன்னதுதானே இது?” என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள். இல்லை. தொழிலாளி தன் உழைப்புக்கே அந்நியமாவது ஜெர்மனில் எண்ட்ஃப்ரெம்டுங். அது ஆளுக்கு நேர்வது. பிரெக்ட் சொல்வது, பார்ப்பவர் கதையில் கரைந்துவிடாமல் யோசிக்க மேடையில் வேண்டுமென்றே செய்வது.

இரா.:
தன்வினை, பிறவினை போதுமே ஐயா. அந்நியமாதல், அந்நியப்படுத்தல். முடிந்தது.

செ.:
முடியவில்லை. ‘அந்நியம்’ வடசொல் என்பதை விட்டுவிடுகிறேன். காதில் பகை ஒலிக்கிறது. பழகியதைப் புதிதாகக் காட்டு என்பதுதான் பிரெக்ட்டின் கட்டளை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் பாருங்கள்: “புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே.” மருட்கை, அதாவது வியப்பு, பிறக்கும் நான்கில் முதலில் நிற்பது புதுமை. ஆகவே ‘மருட்டல்’.

இரா.:
மருட்டினால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். தவிர, ‘மதிமை சாலா’வை ஏன் தாண்டினீர்கள்? அறிவு நிரம்பாத வியப்பு அது. பிரெக்ட் கேட்டது அறிவு விழித்திருக்கும் வியப்பு.

செ.:
சரி, மருளுக்கு எதிர் தெருள், அதாவது தெளிவு. ‘தெருட்டல்’! மருள், இருள், தெருள் மூன்றையும் அடுக்கிப் பார்த்தால்...

ஜெ.:
ஐயா, அடுக்குவதற்கு முன் மேடையைப் பாருங்கள். பிரெக்ட்டின் ‘அன்னை கரேஜ்’ நாடகம் 1941இல் சூரிச்சில் அரங்கேறியபோது, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்க்காக அரங்கம் உருகியது. பிரெக்ட்டுக்கு அது பிடிக்கவில்லை. அவள் போரை நம்பிக் கடை நடத்துபவள். பேரத்தை இழுத்தடித்ததில்தான் ஒரு மகனின் உயிர் போகிறது. சில காட்சிகளைத் திருத்தினார். 1949இல் பெர்லினில் அந்தத் தாயாக ஹெலன வைகெல் நடித்தார். அந்த மகனைச் சுடும் வெடிச்சத்தம் கேட்கிறது. தலை பின்னால் சாய்கிறது, வாய் முழுதாகத் திறக்கிறது, குரல் மட்டும் வரவில்லை. பிறகு வாய் மூடுகிறது. அழுகையை நம் கையில் தராமல் அவளை நாம் பார்க்கும்படி செய்கிறார். ‘எட்ட நிறுத்தல்’ என்பேன். பாட்டிக்கும் புரியும்.

க.:
அம்மா, அந்த வாயைப் படத்தில் பார்த்தே எனக்கு நெஞ்சு அடைத்தது. எட்ட நின்றேன் என்று எப்படிச் சொல்வேன்?

ஜெ.:
அடைத்த பிறகும் “பேரத்தை ஏன் இழுத்தாள்?” என்று கேட்டீர்களா இல்லையா?

க.:
கேட்டேன். ஆனால் ‘எட்ட நிறுத்தல் விளைவு’ என்று தலைப்புப் போட்டால் தொற்றுநோய்க்கால அறிவிப்பு மாதிரி இருக்கிறது.

இரா.:
அதனால்தான் ‘அந்நியப்படுத்தல்’. திறனாய்வில் ஏற்கெனவே புழங்குகிறது. பக்கத்திலேயே எண்ட்ஃப்ரெம்டுங் வேறு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

க.:
நால்வரில் இருவர் அந்தப் பக்கம், ஜெ. அம்மா அரை மனது. அதையே அனுப்புகிறேன், அச்சகத்தார் இரண்டு முறை அழைத்துவிட்டார்.

செ.:
அனுப்புங்கள். என் பிரதியில் அடித்துவிட்டுத் ‘தெருட்டல்’ என்று எழுதிக்கொள்கிறேன். இருள் பற்றி நாளை விரிவாக.