சந்தோஷமே இல்லாமல் காலை ஜெபத்தில் ‘கோடி ஸ்தோத்திரம்’ சொல்லலாமா?

இருட்டோடே எழுந்தவன் (கேள்வி)

எங்கள் வீட்டில் காலை ஜெபம் நடத்துவது நான்தான். ஐந்தரை மணிக்கு மனைவி, நான், ஆறாம் வகுப்புப் படிக்கிற மகன். பதினைந்து வருஷமாக ஒரே தொடக்கம்: “கடந்த இராமுழுவதும் எங்களைக் கண்ணின்மணிபோலக் காத்து, சமாதானமான நித்திரையைத் தந்து, இந்தப் புதிய நாளைக் காணச் செய்த கிருபைக்காகக் கோடி ஸ்தோத்திரம்.” மூச்சு விடாமல் வரும்.

போன திங்கட்கிழமை ஆமென் சொன்னதும் மகன் கேட்டான்: “அப்பா, ஜெபம் பண்றப்ப மட்டும் ஏன் வேற குரல்ல பேசுறீங்க?” மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அப்படிக் கிடந்துவிட்டு ஐந்தரைக்கு ‘சமாதானமான நித்திரை’ என்கிறேன். பொய்தானே? “எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்” என்ற வசனத்தை மட்டும் தயவுசெய்து யாரும் போடாதீர்கள். அது எனக்கே மனப்பாடம்.

அறிக்கை வீரன்

பிரதர், விசுவாசத்தோடு வாயினால் அறிக்கையிடுங்கள், மனது பின்னாலேயே வரும். “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்” – 1 தெசலோனிக்கேயர் 5:18.

இருட்டோடே எழுந்தவன்

நான் வேண்டாமென்றது 5:16. நீங்கள் இரண்டு வசனம் தள்ளிப் போட்டிருக்கிறீர்கள். சரி, நன்றி பிரதர்.

ஓய்வுபெற்ற ஞாயிறுபள்ளி டீச்சர்

தம்பி, உங்கள் மகனை என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார வைத்திருப்பேன்.

அந்தக் ‘கண்ணின்மணி’ எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பைபிளில் சங்கீதம் 17-ல் “கண்மணியைப்போல என்னைக் காத்தருளும்” என்று வருகிறது. அதைச் சொன்னவர் நிம்மதியாகத் தூங்கி எழுந்தவர் இல்லை. சுற்றிலும் சத்துருக்கள். இராக்காலத்தில் என் இருதயத்தை விசாரித்தீரே என்று அதே சங்கீதத்தில் சொல்கிறார். அதாவது உங்கள் இரண்டு மணி! அவர் கெஞ்சிக் கேட்டதை நாம் நன்றியாக மாற்றி, நாள்தோறும் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். அந்தச் சங்கீதத்தின் கடைசி வசனத்தையும் வாசியுங்கள்: “நான் விழிக்கும்போது உமது சாயலால் திருப்தியாவேன்.” விழித்தபின் கிடைக்கிற திருப்தி அது. நல்ல தூக்கத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

பைபிளின் புலம்பல் புத்தகம் 3-ம் அதிகாரமும் அப்படித்தான். “அவைகள் காலைதோறும் புதியவைகள்” என்பதை வாழ்த்து அட்டையில் பூப்படத்தோடு அச்சடித்துவிடுகிறார்கள். எருசலேம் இடிந்து கிடந்தபோது பாடிய ஒப்பாரி அய்யா அது! அதற்கு ஆறு வசனம் முன்னால், 17-ல், “சுகத்தை மறந்தேன்” என்று எழுதியிருக்கிறது. இரண்டையும் சொன்னது ஒரே வாய். ஒன்றைச் சொன்னதால் மற்றது பொய்யாகிவிடவில்லை.

ஆகவே ‘சமாதானமான நித்திரை’யை எடுத்துவிடுங்கள். நடக்காததற்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. நடந்தது ஒன்றே ஒன்றைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். சின்னதாக இருந்தாலும் போதும். குரல் தானாகவே இறங்கிவிடும். மேடைக்குரலில் சின்ன விஷயத்தைச் சொல்லவே முடியாது, முயன்று பாருங்கள்.

(தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியது ‘எல்லாவற்றிலேயும்’. வேலை போனதற்காக ஸ்தோத்திரம் சொல் என்று அதற்கு அர்த்தம் கிடையாது.)

அறிக்கை வீரன்

டீச்சர், எபேசியர் 5:20-ல் “எல்லாவற்றிற்காகவும்” என்றே இருக்கிறதே?

ஓய்வுபெற்ற ஞாயிறுபள்ளி டீச்சர்

இருக்கிறது. சரியாகப் பிடித்தீர்கள். ஆனால் நாலு மாதமாகத் தூங்காதவரிடம் முதல் நாளே அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஊமை செக்கரியா

நான் கத்தோலிக்கன், உள்ளே வரலாமா? எங்கள் திருப்புகழ்மாலையில் (வேளைதோறும் சொல்கிற செபங்களின் தொகுப்பு) காலைச் செபந்தோறும் செக்கரியாவின் பாடல் உண்டு (லூக்கா 1:68-79). திருமுழுக்கு யோவானின் தந்தை. முதிய வயதில் பிள்ளை பிறக்கும் என்று வானதூதர் சொன்னதை நம்பாததால் பேச்சை இழந்தவர் அவர். பிள்ளை பிறந்து எட்டாம் நாள் பலகையில் ‘யோவான்’ என்று பெயர் எழுதியபிறகுதான் நா கட்டவிழ்ந்தது. அத்தனை மாதம் பேசாமல் இருந்தவர் வாய் திறந்ததும் குறை சொல்லவில்லை, கடவுளைப் போற்றினார். தினமும் விடியலில் நாங்கள் பாடுவது சந்தேகப்பட்ட ஒரு மனிதரின் பாட்டைத்தான் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் உட்கார்ந்துவிட்டு ஆரம்பித்துப் பாருங்களேன்.

அறிக்கை வீரன்

மார்ட்டின் லுத்தர் 1529-ல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் என்கிற கேள்வி-பதில் புத்தகத்திலும் ஒரு காலை ஜெபம் உண்டு. இரவில் தீங்குக்கும் ஆபத்துக்கும் விலக்கிக் காத்ததற்கு நன்றி. நன்றாகத் தூங்கினேன் என்று அதிலும் இல்லை. டீச்சர் சொன்னபிறகுதான் கவனித்தேன்.

இருட்டோடே எழுந்தவன்

இன்று செய்து பார்த்தேன். இரண்டு நிமிட மௌனம் எங்களுக்கு ஒத்துவரவில்லை, மகனுக்கு விக்கல் வந்துவிட்டது. பிறகு சொன்னேன்: “ஆண்டவரே, இரண்டு மணிக்கு விழித்தேன். நாலு மணிக்கு எப்படியோ தூங்கிவிட்டேன். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஸ்தோத்திரம்.” அதற்குமேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. மகன் கண்ணை மூடியபடியே, “அவ்வளவுதானா?” என்றான். “அவ்வளவுதான், நீ சொல்லு” என்றேன். கணக்குப் பரீட்சை ஒரு வாரம் தள்ளிப்போனதற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னான், உரக்க, சிரித்துக்கொண்டே.

அதற்கு ஆமென் சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள் மனைவி சொல்லிவிட்டாள்.