டெக்சஸில் காலமான தாய்மாமாவின் உயில்: எந்தக் கவுண்டியில் தேடுவது, எங்கே தாக்கல் செய்வது?

கேள்வி: எடிசன்வாசி

அனைவருக்கும் வணக்கம். டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு மேற்கே உள்ள கேட்டியில் நெடுங்காலம் வசித்துவந்த என் தாய்மாமா சென்ற ஆண்டு இறுதியில் ஹூஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் காலமானார். அத்தை அவருக்கு முன்பே தவறிவிட்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமாவின் மேசையில் கிடைத்த உயிலின் ஒளிநகல், வீட்டையும் வங்கிச் சேமிப்பையும் எனக்கும் கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கைக்கும் சமமாகக் கொடுத்து, என்னை நிறைவேற்றாளராக நியமிக்கிறது.

அசல் உயில் வங்கி லாக்கரில் இருப்பதாக அந்த நகலின் மேல் மாமா தம் கையால் குறித்திருக்கிறார். லாக்கரைத் திறக்க வேண்டுமானால் நீதிமன்றம் நிறைவேற்றாளருக்குத் தரும் அதிகார ஆவணமான ‘லெட்டர்ஸ் டெஸ்டமெண்டரி’யைக் கொண்டுவர வேண்டும் என்கிறது வங்கிக் கிளை. அசல் உயில் இல்லாமல் புரோபேட் (உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தல்) மனுவைத் தொடங்குவது கடினம் என்கிறார் நான் தொலைபேசியில் பேசிய வழக்கறிஞர் ஒருவர். இதற்கிடையில், மாமாவின் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த உறவினர் ஒருவர், “கோர்ட்டில் எல்லாம் ஏற்கெனவே பதிந்தாகிவிட்டது” என்கிறார். வழக்கு எண்ணைக் கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. இறப்புச் சான்றிதழில் ஹாரிஸ் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) என்று இருப்பதால், அதன் பதிவு அலுவலரான ஹாரிஸ் கவுண்டி கிளார்க்கின் இணையப் பதிவேட்டில் மாமாவின் பெயரைத் தேடினேன். எதுவும் அகப்படவில்லை. உண்மையிலேயே எதுவும் பதியப்படவில்லையா, அல்லது நான் தேடும் இடம் தவறா?

மறுமொழி: ஷுகர்லேண்ட்காரர்

வணக்கம். இறப்புச் சான்றிதழை மறுபடி எடுத்துப் பாருங்கள். அதில் இறந்த இடத்தின் கவுண்டி ஒரு கட்டத்திலும், இறந்தவர் குடியிருந்த முகவரியின் கவுண்டி வேறொரு கட்டத்திலும் இருக்கும். மருத்துவமனை ஹூஸ்டனில் இருந்ததால் முதல் கட்டத்தில் ஹாரிஸ் என்று வந்திருக்கும். டெக்சஸில் நிரந்தர வீடு வைத்து வாழ்ந்த ஒருவரின் உயிலை, அவர் எந்த மருத்துவமனையில் உயிர் நீத்திருந்தாலும், அவர் குடியிருந்த கவுண்டியில்தான் தாக்கல் செய்ய வேண்டும்.

கேட்டி விஷயத்தில் இது மிகவும் முக்கியம். கேட்டி நகரம் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் ஆகிய மூன்று கவுண்டிகளிலும் பரவிக் கிடக்கிறது. அஞ்சல் முகவரியில் ‘கேட்டி’ என்று இருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. (மீனாட்சி கோவில் இருக்கும் பேர்லண்டும் இதே போல மூன்று கவுண்டிகளைத் தொடுகிறது, நம்மவர்கள் எல்லாவற்றையும் ‘ஹூஸ்டன்’ என்று சொல்லிப் பழகிவிட்டதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது.) வீட்டின் சொத்து வரி ரசீதைத் தேடி எடுங்கள், எந்தக் கவுண்டிக்கு வரி போயிருக்கிறது என்பது அதிலேயே தெரியும். ரசீது இல்லையென்றால், ஒவ்வொரு கவுண்டியின் சொத்து மதிப்பீட்டு மாவட்டமும் நடத்தும் இணையதளத்தில் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் இட்டுத் தேடலாம், கட்டணம் கிடையாது. ஃபோர்ட் பெண்ட் என்று வந்தால் கவுண்டி கிளார்க் அலுவலகம் ரிச்மண்டில் இருக்கிறது. வாலர் என்றால் ஹெம்ப்ஸ்டெட்.

மறுமொழி: பாராலீகல்_ஹூஸ்டன்

மேலே சொன்னதோடு பெயரையும் கவனியுங்கள். தமிழர்களின் வழக்குகளில் நான் அதிகம் பார்க்கும் தடை அதுதான். பதிவேடு குடும்பப் பெயரை முன்னால் வைத்து அட்டவணைப்படுத்தப்படுகிறது. நமக்கோ தந்தை பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று அமெரிக்கப் படிவம் நிரப்பிய நாளில் அவரவர் முடிவு செய்ததுதான் கணக்கு. எடுத்துக்காட்டாக, இராமசாமியின் மகன் சுப்பிரமணியன் என்பவர் ஓர் ஆவணத்தில் ‘சுப்பிரமணியன்’ என்ற குடும்பப் பெயரிலும், இன்னோர் ஆவணத்தில் ‘இராமசாமி’ என்ற குடும்பப் பெயரிலும் இருப்பார். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தவர்களுக்கு முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ (முதற்பெயர் தெரியவில்லை) என்றே பதிவாகியிருப்பதும் உண்டு.

ஆகவே இரண்டு பெயர்களையும் இடம் மாற்றித் தேடுங்கள். எழுத்துக்கூட்டலையும் நம்பாதீர்கள்: இறுதியில் ‘என்’ வருமா ‘எம்’ வருமா, நடுவில் ‘எச்’ உண்டா இல்லையா என்பதெல்லாம் ஆவணத்துக்கு ஆவணம் மாறும். முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் இட்டு, இறந்த நாளுக்குப் பிந்தைய காலத்தை வரம்பாக வைத்தால், பட்டியல் கொஞ்சம் நீளுமே தவிர எதுவும் தப்பாது. எந்தக் கவுண்டி என்ற ஐயம் தீராவிட்டால், ‘ரீசர்ச்டிஎக்ஸ்’ என்ற மாநிலத் தளத்தில் கணக்குத் தொடங்கி, பல கவுண்டிகளை ஒரே இடத்தில் தேடலாம்.

புரோபேட் பதிவேட்டோடு நின்றுவிடாமல், அதே கவுண்டி கிளார்க் வைத்திருக்கும் சொத்துப் பத்திரப் பதிவேட்டையும் பாருங்கள். 2015 செப்டம்பர் முதல் டெக்சஸில் ‘டிரான்ஸ்ஃபர் ஆன் டெத் டீட்’ (இறப்புக்குப் பின் மாற்றும் பத்திரம்) செல்லும். உங்கள் மாமா உயிருடன் இருந்தபோது அப்படி ஒன்றைப் பதிந்திருந்தால், உயிலில் என்ன எழுதியிருந்தாலும் வீடு அந்தப் பத்திரத்தில் பெயர் உள்ளவருக்கே போகும். அந்த உறவினர் “பதிந்தாகிவிட்டது” என்று சொல்வது எதைப் பற்றி என்பதும் அங்கே தெரிந்துவிடும்.

எடிசன்வாசி

இருவருக்கும் நன்றி. வரி ரசீது கிடைத்தது; வீடு ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் இருக்கிறது. இறப்புச் சான்றிதழிலும் குடியிருப்புக் கட்டத்தில் அதுவே உள்ளது. பத்திரப் பதிவேட்டில், தாத்தாவின் பெயரைக் குடும்பப் பெயராக இட்டுத் தேடியபோது, மாமா வீடு வாங்கிய பத்திரமும், கடன் அடைந்ததற்கான விடுவிப்புப் பத்திரமும் வந்தன. இறப்புக்குப் பின் மாற்றும் பத்திரம் எதுவும் இல்லை. புரோபேட் பதிவேட்டில் எந்தப் பெயர் வரிசையிலும் மனு இல்லை. அப்படியானால் எதுவும் தாக்கலாகவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். இனி லாக்கர்தான் பாக்கி.

மறுமொழி: டல்லாஸ்_தம்பி

உங்களுக்குப் புரோபேட் எதற்கு? ‘ஸ்மால் எஸ்டேட் அஃபிடவிட்’ என்ற பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்தால் வேலை முடிந்துவிடுமே. என் நண்பர் குடும்பத்தில் அப்படித்தான் செய்தார்கள்.

மறுமொழி: பாராலீகல்_ஹூஸ்டன்

தம்பி, அந்த வழி உயில் எழுதாமல் இறந்தவர்களுக்கு உரியது. விலக்குப் பெற்ற சொத்துகள் நீங்கலாக மொத்த மதிப்பு 75,000 டாலரைத் தாண்டவும் கூடாது. இங்கே உயில் இருக்கிறது. மேலும், அந்தப் பத்திரத்தின் மூலம் வீட்டை மாற்ற முடிவதும் குடும்பத்தாருக்கான குடியிருப்பு வீடு என்ற குறுகிய நிலையில் மட்டும்தான். தனியாக வாழ்ந்த மாமாவின் வீடு மருமகனுக்கு அந்த வழியில் வராது.

லாக்கருக்கு வருவோம். டெக்சஸ் எஸ்டேட்ஸ் கோடின் (இறந்தவர் சொத்து பற்றிய சட்டத் தொகுப்பு) 151ஆம் அத்தியாயம் சரியாக உங்கள் நிலைமைக்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது. இறந்தவரின் மனைவி அல்லது கணவர், பெற்றோர், வயது வந்த வழித்தோன்றல் ஆகியோரோடு, பார்வைக்கு உயிலாகத் தோன்றும் ஓர் ஆவணத்தின் நகலில் நிறைவேற்றாளர் என்று பெயர் குறிக்கப்பட்டவரும், வங்கி அலுவலர் ஒருவர் உடனிருக்க, லாக்கரில் உள்ள ஆவணங்களைப் பார்வையிட வங்கி அனுமதிக்கலாம். மருமகன் என்ற உறவால் உங்களுக்கு அந்த உரிமை இல்லை. கையில் இருக்கும் ஒளிநகல்தான் உங்களை அந்தப் பட்டியலில் சேர்க்கிறது. உள்ளே உயில் இருந்தால், வங்கி அதைக் கவுண்டி கிளார்க்கிடமோ நிறைவேற்றாளரிடமோ கொடுக்கலாம். நகையையோ பணத்தையோ அப்போது எடுக்க முடியாது.

சட்டம் ‘அனுமதிக்கலாம்’ என்றே சொல்கிறது, ‘அனுமதிக்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. ஆகையால் கிளை மேலாளரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல், அத்தியாய எண்ணைக் குறிப்பிட்டு, ஒளிநகலையும் இறப்புச் சான்றிதழையும் இணைத்து, வங்கியின் சட்டப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அதற்கும் மறுத்தால், லாக்கரைத் திறந்து பார்க்க ஆணை தருமாறு நீதிமன்றத்தில் தனி மனு போடலாம். அதற்கும் அதே அத்தியாயத்தில் இடமுண்டு.

ஒரு சிறு எச்சரிக்கை. அசல் உயில் கைக்கு வந்ததும் அதன் ஸ்டேப்பிளைக் கழற்றாதீர்கள். ஸ்கேன் செய்வதற்காகப் பின்னைப் பிரித்து மறுபடி அடித்தால் மூலையில் இரண்டு சோடித் துளைகள் தெரியும். எந்தப் பக்கத்தை மாற்றினீர்கள் என்று எதிர்த்தரப்பு கேட்பதற்கு அது போதும். தாளை மடக்கிப் பிடித்தே நகல் எடுங்கள். கடைசிப் பக்கத்தில் நோட்டரி முத்திரையோடு, சாட்சிகளின் பிரமாண வாசகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது முறையாக இருந்தால் சாட்சிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

எடிசன்வாசி

வங்கியின் சட்டப் பிரிவு ஒப்புக்கொண்டது. அலுவலர் முன்னிலையில் லாக்கரைத் திறந்தோம். பழுப்பு உறையில் உயில் இருந்தது. நோட்டரி வைத்த பிரமாணப் பக்கமும் இணைந்தே இருக்கிறது. மனுவை நானே தாக்கல் செய்துவிடலாமா? ஈஃபைல்டெக்சஸ் என்ற மின்வழித் தாக்கல் தளத்தில் வழக்கறிஞர் அல்லாதவர்களும் கணக்குத் தொடங்கலாம் என்று பார்த்தேன்.

மறுமொழி: ஆஸ்டின்_அக்கா

கணக்குத் தொடங்கலாம், தம்பி. ஆனால் தளம் ஏற்றுக்கொள்வது வேறு, நீதிபதி ஏற்றுக்கொள்வது வேறு. நிறைவேற்றாளர் மற்றவர்களின் பங்குக்கும் சேர்த்துப் பொறுப்பேற்பதால், அவர் ஒருவரே முழு வாரிசாக இருந்தாலன்றி, வழக்கறிஞர் மூலமாகவே வர வேண்டும் என்று டெக்சஸ் நீதிமன்றங்கள் பலவும் வலியுறுத்துகின்றன. உங்கள் தங்கைக்குப் பாதிப் பங்கு இருப்பதால் நீங்கள் தனியாகப் போனால் திருப்பி அனுப்பப்படுவீர்கள் என்றே நினைக்கிறேன். அந்தக் கவுண்டியில் வழக்கமாகப் புரோபேட் செய்பவரைப் பிடியுங்கள்; மேலோட்டமாகப் பார்க்கும்போது இது நேரான வழக்குதான்.

வழக்கறிஞரிடம் போகும் முன் சிலவற்றைத் தயாராக வைத்துக்கொண்டால் செலவு குறையும். மனுவில் உங்களுடைய, மாமாவுடைய ஓட்டுநர் உரிம எண், சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றின் கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் வர வேண்டும். முழு எண்ணை எந்தத் தாளிலும் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் அது பொதுப் பதிவேட்டில் யார் கண்ணிலும் படும். பத்திரத்தில் ஒரு பெயர், உயிலில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர் என்று இருப்பதால், அத்தனை வடிவங்களையும் ‘என்றும் அறியப்படும்’ என்று மனுவின் தலைப்பிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால், ஆணை கிடைத்த பிறகும் வங்கி ‘இவர் வேறு ஆள்’ என்று சொல்லும். நீங்கள் டெக்சஸில் வசிக்காதவர் என்பதால், நீதிமன்ற அறிவிப்புகளைப் பெற்றுக்கொள்ள டெக்சஸில் வசிக்கும் ஒருவரை முகவராக நியமித்துப் பதிய வேண்டும். பெரும்பாலும் வழக்கறிஞரே அதை ஏற்றுக்கொள்வார்.

மின்வழியில் மனு தாக்கலானதும், அசல் உயிலை மூன்று வேலை நாள்களுக்குள் கிளார்க் அலுவலகத்தில் சேர்த்துவிட வேண்டும். கூரியரில் அனுப்பினால் வழக்கு எண்ணை உறையின் மேலும், உள்ளே வைக்கும் கடிதத்திலும் எழுதுங்கள். உயிலின் மேல் எழுதாதீர்கள். பின்னர் அறிவிப்பு ஒட்டப்பட்டு, 10 நாள் கழிந்து வரும் திங்கட்கிழமைக்குப் பிறகே விசாரணை நடக்கும். காலக்கெடுவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இறந்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகள் வரை நேரம் இருக்கிறது.

கடன் எதுவும் இல்லை என்பதால் ‘மியூனிமெண்ட் ஆஃப் டைட்டில்’ என்ற சுருக்க வழியையும் வழக்கறிஞர் சொல்லக்கூடும். அதில் நிறைவேற்றாளர் நியமனம் இருக்காது. உயிலையே உரிமைப் பத்திரமாக நீதிமன்றம் ஏற்கும். வீடு மட்டும் இருந்தால் நான் அதையே சொல்வேன். வங்கிச் சேமிப்பும் இருப்பதாலும், லெட்டர்ஸ் இல்லாத ஆணையைப் பார்த்தால் சில வங்கிகள் தயங்குவதாலும், முழு வழியே உங்களுக்கு நல்லது.

எடிசன்வாசி

நன்றி அக்கா. வழக்கறிஞரும் முழு வழியையே சொன்னார். மனு தாக்கலாகிவிட்டது, உயிலும் கிளார்க்கிடம் சேர்ந்துவிட்டது. இன்னும் ஓர் ஐயம். மாமாவின் பெயரில் மதுரைக்கு அருகே கொஞ்சம் நிலம் இருக்கிறது. உயிலில் ‘மற்ற எல்லாச் சொத்தும்’ என்ற வாசகத்தில் அதுவும் அடங்குகிறது. ஃபோர்ட் பெண்ட் ஆணையைக் காட்டி அங்கே பட்டா மாற்ற முடியுமா?

மறுமொழி: பாராலீகல்_ஹூஸ்டன்

ஆணையை அப்படியே கொண்டுபோய்த் தாலுகா அலுவலகத்தில் நீட்டினால் நடக்காது. இந்திய மண்ணில் உள்ள நிலத்தின் மீது டெக்சஸ் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. ஆனால் வெளிநாட்டில் மெய்ப்பிக்கப்பட்டு அங்கேயே வைக்கப்பட்ட உயிலின் சான்றிட்ட நகலை இணைத்து, நிர்வாக உரிமை ஆவணம் கேட்பதற்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 228ஆம் பிரிவு இடம் தருகிறது. மதுரையில் உள்ள வழக்கறிஞரிடம் அந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

அதற்காக இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. விசாரணை முடிந்ததும், உயிலுக்கும் ஆணைக்கும் கிளார்க்கிடம் கூடுதலாக ஒரு சான்றிட்ட நகல் வாங்குங்கள். பக்கத்துக்கு 1 டாலரும் சான்றுக்கு 5 டாலரும் ஆகும். அந்த நகலை ஆஸ்டினில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்பி, ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் சான்றான அப்போஸ்டில் பெற்றுக்கொள்ளுங்கள். லெட்டர்ஸ் பிரதி ஒன்றுக்கு 2 டாலர்தான். ஆனால் மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். 60 நாளுக்கு மேற்பட்ட தேதியுள்ள பிரதியை வங்கிகள் பல ஏற்பதில்லை. எந்த நிறுவனத்துக்கு எப்போது வேண்டுமோ அப்போது கிளார்க்கிடம் புதுத் தேதியிட்டுக் கேட்டு வாங்குங்கள்.