பதில்: கவச ஊர்தி – ரோபோ கூட்டு இயக்கம்: ‘ஒருங்கிணைப்பு’ வேண்டாம், ‘இயைந்தியங்கல்’ சரிவருமா?

நண்பர்களே, வணக்கம்.

கவச ஊர்தியும் ரோபோவும் சேர்ந்து வேலை செய்வதை ஆங்கிலத்தில் ‘interoperability’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் ‘ஒருங்கிணைப்பு’ போதும் என்று முந்தைய மடலில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. இந்தத் துறையில் எதிலிருந்து விடுபடப் பார்க்கிறார்களோ, அதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் சாலையோரக் குண்டுகளைச் சமாளிக்க அமெரிக்கப் படை அவசர அவசரமாக ரோபோக்களை வாங்கியது. ஐரோபாட் நிறுவனத்தின் பேக்பாட், ஃபாஸ்டர்-மில்லரின் டாலன் இரண்டும் அதில் பேர்போனவை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி, தனி மென்பொருள். ஒன்றை ஓட்டத் தெரிந்தவர் மற்றதை முதலிலிருந்து பழக வேண்டும், புதிதாக ஒரு உணரியை (சென்சார்) பொருத்தவும் தயாரித்தவரிடமே போய் நிற்க வேண்டும். அந்தப் பெட்டியும் ரோபோவும் அருமையாக ஒருங்கிணைந்தவைதான், ஆனால் வெளியே வேறு எதோடும் சேராது!

இதற்கு மருந்தாகத்தான், ஆளில்லாக் கருவிகள் பேசிக்கொள்வதற்கான ஜாஸ் (JAUS) என்ற பொதுச் செய்தி வடிவத்தை, ஊர்திப் பொறியியல் தரங்களை வகுக்கும் எஸ்ஏஇ (SAE) அமைப்பின் தரமாக்கினார்கள், அதை அடிப்படையாக வைத்து 2011இல் அமெரிக்கப் படையின் ஐஓபி (IOP) என்ற வரைமுறையும் வந்தது. செய்தி எப்படிப் போக வேண்டும் என்பதோடு ஐஓபி நிற்கவில்லை, எந்த இணைப்பான், எவ்வளவு மின்னழுத்தம், கருவியை எங்கே பொருத்துவது என்பதையும் சேர்த்தே பேசுகிறது. ஊர்திப் பக்கம் இதே வேலை தனியாக நடந்தது: 2010இல் டெஃப் ஸ்டான் 23-09 என்ற பிரிட்டனின் பாதுகாப்புத் துறைத் தரம், அப்புறம் அதைத் தழுவி ஸ்டானக் 4754 என்ற நேட்டோ தரம். ஊர்திக்குள் கருவிக்கொரு திரை, கருவிக்கொரு கம்பி என்று அடைத்து வைப்பதை விட்டு, எல்லாம் ஒரே தரவுப் பாதையில் பேசட்டும் என்பது இவற்றின் நோக்கம்.

ஆக நமக்கு வேண்டிய சொல், வெவ்வேறு கைகள் செய்தவை, தனித்தனியாக நிற்கக்கூடியவை, ஒப்புக்கொண்ட விதியின்படி சேர்ந்து இயங்குகின்றன என்பதைக் காட்ட வேண்டும். இன்னொரு நண்பர் சொன்ன ‘ஒத்திசைவு’ அழகான சொல்தான், ஆனால் கைபேசியிலேயே ‘ஒத்திசை’ என்றால் இரண்டு இடத்திலும் தரவை ஒன்றுபோல் வைப்பது என்று பழகிவிட்டது. அகராதிகளில் இருக்கும் ‘இடைச்செயல்’ வகைச் சொற்களைப் படித்தால் இடையில் என்ன நடக்கிறது என்றே பிடிபடவில்லை.

என் பரிந்துரை ‘இயைந்தியங்கல்’. இயைதல் என்றால் பொருந்துதல், இசைதல். ஒன்றில் ஒன்று கரைந்துவிட வேண்டியதில்லை. சொல்லும் நன்றாகக் கிளைக்கிறது: இயைந்தியங்குதிறன், இயைந்தியங்கு வரைமுறை, இயைந்தியங்காத ரேடியோ. கொஞ்சம் நீளம்தான். என்றாலும் பயிற்சிக் கையேட்டில் படிக்கும் ஒரு வீரருக்கு விளக்கக் குறிப்பு இல்லாமலே புரியும், அதுதான் எனக்கு முக்கியம்.

இன்னொன்று: ‘ஆளில்லா ஊர்தி’யையும், தானே முடிவெடுத்து ஓடும் ‘தன்னியக்க ஊர்தி’யையும் தயவுசெய்து ஒன்றாக்க வேண்டாம். பேக்பாட்டில் ஆள் உட்காரவில்லை, ஆனால் தூரத்திலிருந்து ஓட்டுபவர் ஒருவர் இருக்கிறார்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று. ஊர்தித் தரத்தில் வரும் செய்தியை ரோபோத் தரத்துக்கு மாற்றிக் கொடுக்கும் நடுப்பெட்டி இருக்கிறதே, அதற்கு (ஆங்கிலத்தில் gateway) ‘நுழைவாயில்’ என்கிறோம். அது வாயில் வேலை மட்டும் செய்வதில்லை, செய்தியின் வடிவத்தையே மாற்றித் தருகிறது. ‘செய்தி மாற்றி’ என்று வைக்கலாமா? மின்துறையில் இருப்பவர்கள் மின்மாற்றியோடு குழப்பம் வருமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.