மழை வந்தாலே டெங்கு பயம், தூக்கம் போகிறது

தென்காசிக்காரி:
போன ஐப்பசியில் என் மகனுக்கு டெங்கு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். பிள்ளை தேறிவிட்டான், நான்தான் இன்னும் தேறவில்லை. வானம் இருட்டினாலே அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தெர்மாமீட்டர் வைக்கிறேன். இந்த வருடம் மழைக்கு முன்பே எங்கள் தெருவைத் தயார் செய்ய வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
உங்கள் வீட்டிலேயே ஆரம்பியுங்கள் அம்மா. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடாது, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை தொட்டி, குடம், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு எல்லாவற்றையும் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கொடுக்காதீர்கள். காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் அதிகக் கவனம் தேவை. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

மாடிவீட்டுக்காரர்:
எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் மாடித் தொட்டிதான் பெரிய பாடு. சாவி யாரிடம் என்று இப்போதே எழுதி வையுங்கள். அப்புறம், உங்கள் தூக்கமும் முக்கியம். 14416, டெலி மானஸ், மனநலத்துக்கான அரசு உதவி எண். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அப்பா தவறிய பிறகு நானும் பேசினேன். மனசு லேசானது.

தென்காசிக்காரி:
ஃப்ரிட்ஜ் தட்டை இழுத்துப் பார்த்தேன். புழு நெளிகிறது! பக்கத்து வீட்டு மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஞாயிறு காலை ஐந்து வீடு சேர்கிறோம். இன்று மத்தியானம் 14416க்கும் பேசப் போகிறேன்.